இடது பக்கத்து வயலின்கள்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

யாசினுக்கு என்னைத் தவிர இன்னொரு பிரியம் இருக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டில், கம்பளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். கம்பளியை வெயிலில் போட எடுத்தபோது கையில் தட்டியது. கறுப்புப் பெட்டி. உள்ளே பெரிய ஹெட்ஃபோன், இரண்டு பக்கமும் மெத்தை வைத்தது, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி.

"இன்னாங்க இது?" என்றேன். குளித்துவிட்டு வந்தவர் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டார். சிகரெட்டுடன் மாட்டிக்கொண்ட பையனின் முகம்.

"பாட்டு கேக்கறதுக்கு," என்றார். பிறகு, "சும்மா." பிறகு, "அப்புறமா காட்டறேன்."

அடேயப்பா! கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இதுவரை அவர் என்னிடம் கேட்டதெல்லாம் "சாப்ட்டியா", "பஸ் கெடச்சுதா" இரண்டும்தான். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. எதையும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார். என்னையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ?

நேரில் "இன்னாங்க". இங்கே எழுதும்போது யாசின், யாசின், யாசின். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

16 செப்டம்பர், செவ்வாய்

யாசினின் அம்மா, என் மாமி, முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். எதற்கு என்று தெரியவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது "போய்ட்டு வரேன் மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். சாயங்காலம் வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்து மதகடிப்பட்டில் இறங்கி மேலே ஏறினால், மாமி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கடையில் மாமா பைப் அளந்துகொண்டே என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார் — இன்றைக்கு அமைதியாக இரு என்று. எதற்கு?

சபுரா மாமி மோசமானவர் இல்லை. வந்த அன்று என் கையைப் பிடித்து, "இது உன் வூடும்மா" என்றவர்தான்.

18 செப்டம்பர், வியாழன்

"அப்புறமா" என்பது எப்போது? கேட்கலாமா? கேட்டால் அலைகிறேன் என்று நினைப்பாரோ? நினைக்கட்டும். — கேட்கவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

மாமாவும் மாமியும் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் மட்டும். யாசின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். லேப்டாப்பைத் திறந்தார். என் தலையில் ஹெட்ஃபோனை வைத்து, முடி மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டார்.

"கண்ண மூடிக்க."

மூடிக்கொண்டேன். பழைய படப் பாட்டு. அம்மா துணி துவைக்கும்போதெல்லாம் பாடுவது, எனக்கு வரி வரியாகத் தெரியும். பாடுகிறவர் வந்தார். தபேலா வந்தது. பல்லவி முடிந்ததும் வயலின்கள் திமுதிமுவென்று வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு கிடார் மட்டும் யாரும் வராத கல்யாணத்தில் போல டிங் டிங் என்று தனியாக.

"எப்டி?" என்றார். முகம் முழுக்க ஆசை.

"நல்லாருக்கு. வயலினத்தான் காணோம்."

"வயலின் லெஃப்ட்ல வரும். நல்லா கேளு."

"லெஃப்ட்ல வந்தா எனக்கு எப்டிங்க கேக்கும்? எனக்குத்தான் லெஃப்ட் காது கேக்காதே."

சாதாரணமாகத்தான் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகள்கூட முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம் — டீச்சரிடம் வலது பக்கம் வந்துதான் பேச வேண்டும்.

"இன்னா?" என்றார்.

"ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதுல போச்சு. இந்தப் பக்கம் சுத்தமா கேக்காது... உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

பெண் பார்க்க வந்த அன்றே மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாக அத்தா என்னிடம் சொன்னார். எல்லோருக்கும் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன்.

யாசின் ஹெட்ஃபோனை என் தலையிலிருந்து எடுத்தார். வயரைச் சுற்றினார். பெட்டியில் வைத்து மூடினார்.

22 செப்டம்பர், திங்கள்

பேசவில்லை.

23 செப்டம்பர், செவ்வாய்

இன்னா நெனச்சுகினு இருக்காரு? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட வேண்டியதுதான? ஏமாத்திட்டீங்கன்னு கத்தட்டும். கத்தினா நான் பதில் சொல்லுவேன். இப்டி வேலையிலருந்து வந்ததும் லேப்டாப்ப மடியில வெச்சுகினு, அந்தக் கறுப்புச் சனியன மாட்டிகினு, என் பக்கமே திரும்பாம — நான் இன்னா பண்ணட்டும்? காது போனது நான் கேட்டு வாங்கினதா?

அதுவும் ஒழுங்காகவா மாட்டிக்கொள்கிறார். ஒரு பக்கத்தைக் காதில் வைத்து இன்னொரு பக்கத்தைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு... என் பேச்சு காதில் விழக்கூடாது என்றா?

24 செப்டம்பர், புதன்

இடைவேளையில் அத்தாவுக்குப் போன் செய்தேன். "மொத நாளே சொன்னேம்மா. தெளிவா சொன்னேன். அதனால இன்னா பாய்னு உங்க மாமா என் தோள்ல தட்டினாரே," என்றார். அத்தாவின் குரல் சின்னதாகிவிட்டது. "இன்னாம்மா, எதனா பிரச்சினையா?"

"இல்லத்தா. சும்மாதான் கேட்டேன்."

அப்படியானால் மாமா அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

25 செப்டம்பர், வியாழன்

எங்கே ஆரம்பிப்பது!

யாசின் இன்று வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், "ஷைஸ்தா, ஒரு நிமிஷம் வாயேன்," என்றார். மொத்தமாகத் திட்டப்போகிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினார். அதே பாட்டு.

வயலின்! வந்துவிட்டது! எல்லாம் வலது காதில்!

"இது மோனோ," என்றார். "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து குடுக்கும். எப்டி இருக்கு?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல வரவில்லை. "எல்லாரும் வந்துட்டாங்க. ஆனா ஷேர் ஆட்டோல பத்துப் பேர ஏத்தின மாதிரி இருக்கு. யாரு மேல யாரு உக்காந்திருக்காங்கன்னே தெரியல."

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், தொடையில் தட்டிச் சிரிக்கிறார். "அதேதான்! எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. லெஃப்ட் காதுல பஞ்ச வெச்சு அடச்சுகினு கேட்டுப் பாத்தேன்."

"எதுக்கு?"

"உனக்கு எப்டிக் கேக்கும்னு தெரியணும்ல?"

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தேன். அப்புறம் கேட்டேன், "இத்தன நாளா இதத்தான் பண்ணிகினு இருந்தீங்களா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"இன்னா நெனச்ச?" நிஜமாகவே புரியாமல் கேட்கிறார். "சரியா வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் பேசினார் பாருங்கள் — என் கணவர், "சாப்ட்டியா"வைத் தாண்டாத யாசின், சோறு ஆறும்வரை பேசினார். ஸ்பீக்கரில் கேட்டால் இடது ஸ்பீக்கரின் சத்தம் வலது காதுக்கும் வருமாம். நடுவில் தலை இருப்பதால் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மழுங்கி வருமாம். சுவரில் பட்டுக் கொஞ்சம் வருமாம். "ஹெட்ஃபோன்ல அது எதுவும் இல்ல. ஒவ்வொரு காதும் தனித்தனி ரூம்ல பூட்டி வெச்ச மாதிரி. அதான் பாட்டு மண்டைக்குள்ளயே கேக்கும். அத சரிபண்றதுக்குன்னே ப்ளக்இன் இருக்கு. பாட்டு ஹெட்ஃபோனுக்குப் போறதுக்கு முன்னாடி நடுவுல பூந்து, ஒரு ரூமு, ரெண்டு ஸ்பீக்கரு, நடுவுல உன் தலை, எல்லாம் இருக்கற மாதிரி கணக்குப் போட்டுக் குடுக்கும். நான் ரொம்ப நாளா அதுலதான் கேக்கறேன். அன்னிக்கு உனக்கு அது இல்லாம வெச்சுட்டேன், மொதல்ல வெறும் பாட்டு, அப்புறம் அதோடன்னு காட்டி அசத்தலாம்னு."

அசத்தலாம் என்று! என்னை! 

26 செப்டம்பர், வெள்ளி

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

28 செப்டம்பர், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

ப்ளக்இன்னுக்கு என் தலையின் சுற்றளவு வேண்டுமாம். ஒவ்வொரு தலைக்கும் கணக்கு வேறாம். யாசின் மாமியின் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்து வந்து என் நெற்றியைச் சுற்றிப் பிடித்தார். நான் சிரித்துச் சிரித்துத் தலையை ஆட்ட, டேப் மூக்குக்கு வந்துவிட்டது. "ஆடாத," என்று அவரும் சிரிக்கிறார். அடுத்து காதைப் படம் எடுக்க வேண்டுமாம். காதின் மடிப்பை வைத்தும் ஏதோ கணக்கு. முடியை ஒதுக்கி, தோட்டைக் கழற்றி, வலது காதுக்கு முன்னால் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தபோது மாமி உள்ளே வந்தார்.

"இன்னாடா, பொண்டாட்டிக்குத் தொப்பி தைக்கப் போறியா?" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. எனக்கே சந்தோஷமாக இருந்தது. "காது எதுக்குப் படம் புடிக்கற?"

"பாட்டு கேக்கறதுக்கும்மா."

"ஒரு காதத்தான் புடிச்சிருக்க? இன்னொண்ணு?"

"அது வேணாம்மா. அவளுக்கு இது ஒண்ணுதான கேக்கும்," என்றார் யாசின், மழை வருகிறது என்று சொல்வது போல.

மாமி அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். திரும்பிப் படியிறங்கிக் கடைக்குப் போய்விட்டார்.

நான் மாடிப்படியின் நடுவில் நின்று, நல்ல காதைக் கீழ்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," மாமாவின் குரல்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவங்க அத்தா மொத நாளே சொன்னாரு, சபுரா. மறைக்கல. நான்தான் உங்கிட்ட சொல்லல. பொண்ணு நல்ல பொண்ணு, படிச்ச பொண்ணு. நீ இந்த ஒண்ணப் புடிச்சுகினு வேணாம்னுடுவியோன்னு பயந்தேன். ஒரு காது கேக்கலன்னா இப்ப இன்னா? ரெண்டு காதும் கேக்கற நான் இந்த வூட்ல இன்னா சொகத்தக் கண்டேன்?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"பேச்ச மாத்தாதீங்க. எம் புள்ள கல்யாணத்த எனக்கே தெரியாம முடிச்சிருக்கீங்க. அவங்க அத்தாவ வரச்சொல்லுங்க. பெரியவங்க நாலு பேர வெச்சுப் பேசணும்."

அத்தா இங்கே வந்து நாலு பேர் நடுவில் உட்காருவதா? கை கட்டிக்கொண்டா? என்னாலயா?

யாசின் என்னைத் தாண்டி இறங்கினார். டேப் இன்னும் அவர் கழுத்திலேயே தொங்கியது.

"யாரையும் வரச்சொல்ல வேணாம்மா," என்றார். "நான்தான கட்டிகினேன்? எனக்குத் தெரிஞ்சிடுச்சு, எனக்குச் சம்மதம். விடு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரமா! அப்ப இந்த வூட்ல கடைசியாத் தெரிஞ்சது எனக்குத்தானா?"

மாமி ராத்திரி சாப்பிடவில்லை.

29 செப்டம்பர், திங்கள்

மாமி சமைத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். மாமா ஆறின டீயைத் தானே சுட வைத்துக் குடித்தார்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு நடக்கும்போது இன்றைக்குத்தான் என் வாழ்க்கையிலேயே... சரி, எழுதிவிடுகிறேன்.

யாசின் ப்ளக்இன்னைச் சரிசெய்து வைத்திருந்தார். "கேட்டுப் பாரு. நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லு."

பாட்டு ஆரம்பித்தது. பாடுகிறவர் காதுக்குள் இல்லை. கொஞ்சம் தள்ளி, எதிரில். தபேலா பக்கத்தில். பல்லவி முடிந்தது. வயலின்கள் வந்தன, இடது பக்கத்திலிருந்து.

இதை எப்படி எழுதுவது? இடது பக்கம் எனக்கு இருட்டு இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் பேசினால் குரல் என் தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கு வரும், திரைக்குப் பின்னால் பேசுகிற மாதிரி. கூர்மை எல்லாம் போய், கொஞ்சம் பஞ்சு போர்த்தி. அந்தப் பஞ்சை வைத்துத்தான் ஓ, இது இடது என்று தெரிந்துகொள்வேன். ஏழு வயதிலிருந்து அதுதான் என் உலகம். மோனோவில் அந்தப் பஞ்சு இல்லை. இதில் இருந்தது! வயலின்கள் எல்லாம் பஞ்சு போர்த்திக்கொண்டு, சமர்த்தாக, எனக்கு இடது எங்கேயோ அங்கே வந்து நின்றன.

நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே கழுத்தைத் திருப்பி. அங்கே பீரோ இருந்தது.

"திரும்பிட்ட! திரும்பிட்ட!" என்று யாசின் கட்டிலில் ஏறி நின்றுவிட்டார். முப்பது வயது மனிதர்.

அப்புறம் இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்தது. "ரூம இன்னும் பெருசாக்கட்டுமா?" என்று எதையோ தள்ளினார், பாடகர் கல்யாண மண்டபத்தின் கடைசிக்குப் போய்விட்டார். "சின்னதாக்குங்க!" குளியலறைக்குள் நுழைந்துவிட்டார். "ஐயோ, வெளிய கூப்புடுங்க அவர!" நடுநடுவே ஷ்ஷ்ஷ் என்று ஒரு இரைச்சல் வேறு. இது சும்மா பார்ப்பதற்குக் கொடுக்கிற ட்ரையலாம், காசு கட்டாதவர்கள் காதில் அப்படி அவ்வப்போது சீறுமாம். ஒவ்வொரு சீறலுக்கும் சிரிப்பு.

பக்கத்து அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சட்டென்று அடங்கிவிட்டோம். ஆனால் அவர் கை என் கையில்தான் இருந்தது.

30 செப்டம்பர், செவ்வாய்

அத்தாவுக்கு யாரும் போன் செய்யவில்லை. செய்வார்களா? நல்லது ஒன்று கையில் வந்த நேரத்திலா இது வர வேண்டும்?

2 அக்டோபர், வியாழன்

விடுமுறை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமி வந்து அடுப்பருகில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"வந்த மறுவாரம், நான் இங்க நின்னுகினு உன்ன ரெண்டு தரம் கூப்ட்டேன். நீ பாட்டுக்குப் போயிட்ட. அது கேக்கலையா?"

"நான் எங்க நின்னேன் மாமி?"

"குழாய்கிட்ட. தண்ணி தொறந்து வுட்டிருந்த."

"அப்ப நீங்க எனக்கு லெஃப்ட் பக்கம். தண்ணிச் சத்தம் வேற. கேட்டிருக்காது மாமி."

மாமி அடுப்பைச் சின்னதாக்கினார். பிறகு: "அன்னிக்கு நீ ஸ்கூலுக்குக் கெளம்பும்போது, டிபன் பாக்ஸ வுட்டுட்டியேன்னு மேலருந்து கத்தினேனே? ரோட்ல போறவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நீ திரும்பல."

"பஸ்ஸு, லாரி சத்தத்துல எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு எனக்குப் புரியாது மாமி."

"வாசல்ல ஆண்டாள் வந்து உனக்கு வணக்கம் சொன்னாளே, பக்கத்து வூட்டுக்காரி? நீ முகத்தத் திருப்பிகினு போனியே?"

"வணக்கம் சொன்னாங்களா?"

மாமி மணையை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "படிச்ச திமிருன்னு நெனச்சேன்," என்றார். "என் தங்கச்சிகிட்ட போன் போட்டுகூடச் சொன்னேன். மருமவளுக்கு மாமியா பேசினா காதுலயே விழாதுடின்னு." சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போல ஆகிவிட்டது.

இன்னும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் அவர் எங்கே நின்றார், நான் எங்கே நின்றேன் என்று கேட்டேன். கோர்ட்டு மாதிரி இருந்தது. கேஸ் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகிக்கொண்டே வந்தது. கடைசியில்,

"பூண்டு உரிக்கச் சொன்னேனே, ஞாயித்துக்கெழம? அது?"

"அது கேட்டுச்சு மாமி. எனக்குப் பூண்டு உரிக்கப் புடிக்காது."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயிலிருந்து வந்துவிட்டது. மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நானும். கத்தரிக்காய் கறுத்தே போய்விட்டது.

போகும்போது சொன்னார்: "உங்க அத்தா மேல ஒண்ணும் இல்ல. அவரு ஒழுங்கா சொல்லியிருக்காரு. இந்த மனுசனத்தான் நான் மன்னிக்க மாட்டேன்."

மாமாவுக்கு இன்றைக்கும் டீ ஆறித்தான் போனது.

5 அக்டோபர், ஞாயிறு

மதியம் சாப்பிட்டதும் மாமி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். யாசினிடம், "டேய், அவளுக்கு எப்டிக் கேக்குமோ, அப்டியே எனக்கு வெச்சுக் காட்டு," என்றார்.

யாசின் என்னைப் பார்த்தார். நான் எழுந்து மாமிக்குக் கட்டிலில் இடம் விட்டேன். தலையில் ஹெட்ஃபோன் வைத்தார். "மொதல்ல வெறும் பாட்டு. லெஃப்ட் பக்கத்த அணச்சிட்டேன்." மாமிக்குப் பிடித்த பாட்டைப் போட்டார்.

மாமி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் ஆட்டுவதை நிறுத்தினார்.

"பாதிப் பேரக் காணோம்டா."

"இப்பக் கேளு," என்று ப்ளக்இன்னைப் போட்டார். இடது பக்கம் இன்னும் அணைத்தபடிதான்.

மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கியது. வலது காதின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டார்.

"வராங்க... அந்தாண்ட நின்னுகினு வாசிக்கிறாங்க. திரைக்கு அந்தாண்ட." என்னைப் பார்த்தார். "நான் கூப்புடறது உனக்கு இப்டித்தான் வருதா?"

"கிட்ட இருந்து கூப்ட்டா இப்டி, மாமி. தூரத்துலருந்துன்னா இதுவும் வராது."

அவர் பாட்டு முடியும்வரை கழற்றவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் அழுதிருப்பேன். முடியவில்லை. "சரிம்மா, இப்ப ரெண்டு காதுலயும் கேளு, முழுசா," என்று யாசின் எல்லாவற்றையும் போட்டுவிட்டார். பாடகர் எதிரில் வந்து நின்று வாயைத் திறந்ததுதான் தாமதம் — மாமி திடுக்கிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்!

"யார்ரா இது, ஆம்பள, ரூமுக்குள்ள!"

யாசின் தரையில் உருண்டார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ட்ரையல் ஷ்ஷ்ஷ் என்று சீற, மாமி "குக்கரு!" என்று எழுந்து ஓட, வயர் இழுத்து, லேப்டாப் கட்டிலிலிருந்து நழுவி யாசின் மடியில் விழுந்தது. நல்லவேளை. அடுப்பில் எந்தக் குக்கரும் இல்லை.

சத்தம் கேட்டு மாமா மேலே ஓடி வந்தார். "இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, போய்க் கடையப் பாருங்க," என்றார் மாமி மூச்சு வாங்க. அப்புறம், "டீ போட்டு அனுப்பறேன்," என்றார்.

11 அக்டோபர், சனி

ட்ரையல் முடிந்துவிட்டது. இலவசமாகவே கிடைக்கிற ஒன்றை யாசின் கண்டுபிடித்திருக்கிறார். அதில் அறை கிடையாது, இடதை வலதுக்குக் கடத்துவது மட்டும்தான். எனக்கு அதுவே போதும். சொல்லப்போனால் அதுதான் நன்றாக இருக்கிறது. "உன் காதுக்கு எது சரின்னு நீதான் சொல்லணும்," என்று மவுஸை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். வயலின்கள் இன்னும் கொஞ்சம் மழுங்கட்டும். ம், அங்கே. அங்கேயே இருங்கள்.

19 அக்டோபர், ஞாயிறு

மழை. பாட்டு. யாசின். வேறு ஒன்றும் எழுத நேரமில்லை.

2 நவம்பர், ஞாயிறு

சுத்துக்கேணியில் மாமியின் தங்கை வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்து. வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. போன் போட்டு என்னைப் பற்றிச் சொன்ன அதே தங்கை வீடு. மாமிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

பெண்கள் பக்கம் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். யாசினின் சித்தி மகள் ஷிபானா எனக்கு இடது பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ ரகசியம் சொல்ல ஆரம்பித்தாள். நான் திரும்புவதற்குள், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மாமியின் குரல்:

"ஏய் ஷிபானா! அந்தாண்ட குசுகுசுன்னா அவளுக்கு எட்டாதுடி. இந்தாண்ட வந்து சொல்லு. கொஞ்சம் சத்தமாவே சொல்லு, எங்களுக்கும் கேக்கணும்ல?"

கூடமே சிரித்தது. ஷிபானா முகம் சிவக்க எழுந்து என் வலது பக்கம் மாறினாள். மாமியின் தங்கை, "அவளுக்கு ஒரு பக்கம் கேக்காதா?" என்று மெதுவாகக் கேட்க, மாமி தட்டில் பிரியாணியை அள்ளி வைத்துக்கொண்டே, "ஆமா. இந்தப் பக்கம் நல்லாக் கேக்கும்," என்றார், பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட் ஒன்று காலியாக இருந்தது. "நீ ஜன்னலாண்ட போ," என்று மாமி என்னை உள்ளே தள்ளினார். இடது காது ஜன்னலுக்கு, காற்றுக்கு. வலது காதுக்குப் பக்கத்தில் மாமி.

மதகடிப்பட்டு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.